விளிம்புநிலையும் நம் தெருப் பள்ளியும்

எங்கள் ஊர் இலக்கிய வட்டத்துக்கு இருபது வயதாகிறது. மாதம் ஒரு கூட்டம், ஆண்டுக்கு ஒரு விழா. விழாவில் நூல் வெளியீடும் கருத்தரங்கும் கவியரங்கும் முடிந்தபின், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு சடங்கு நடக்கும். பக்கத்திலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து ஆளுக்கு ஆறு நோட்டுப் புத்தகங்கள் வழங்குவோம். அழைப்பிதழில் இதற்குக் ‘கல்விக் கொடை’ என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவன் நான்தான்.

2023ஆம் ஆண்டு விழாவில் ‘விளிம்புநிலை மக்களும் தமிழ்ப் புனைவும்’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசியதாக நண்பர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே சீருடையில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேடையேறியபோது மணி ஒன்றரை. ஒரு சிறுமி நோட்டுகளை வாங்கியதும் அவற்றைக் கொண்டே முகத்தை மறைத்துக்கொண்டாள். “பாப்பா, நோட்டக் கீழ இறக்கு” என்றார் புகைப்படக்காரர். அவள் இறக்கவில்லை. நான் குனிந்து அவள் கையைப் பிடித்து இறக்கினேன். அந்தப் படம் எங்கள் ஆண்டு மலரில் வந்திருக்கிறது. என் புன்னகை நன்றாக விழுந்திருக்கிறது. அவள் கண்கள் தரையைப் பார்க்கின்றன.

மலரின் படி ஒன்றைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை மரியாதையாக நாற்காலி போட்டார். சிறிது தயங்கிவிட்டு, “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நோட்டு கவர்மெண்டே குடுக்குது. போன வருஷம் நீங்க குடுத்ததே பீரோவுல இருக்கு” என்றார். பீரோவைத் திறந்தும் காட்டினார். எங்கள் வட்டத்தின் முத்திரையோடு கட்டுக்கட்டாக இருந்தன.

“அப்ப என்னதான் டீச்சர் வேணும்?” என்று கேட்டேன். என் குரலில் சிறிது கோபம்கூட இருந்திருக்கும்.

“புள்ளைங்க வாசிக்கிறதக் கேக்க ஆள் இல்ல சார்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதைச் சொல்லவேண்டிய இடம் இலக்கிய வாசகர்களின் சபைதான் என்று நினைப்பதால் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் கொடையைப் பற்றி. 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. 1950களில் காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 1982இல் அது எம்.ஜி.ஆரின் சத்துணவாயிற்று. பின்னர் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில், பேருந்துப் பயண அட்டை, மேல்நிலை வகுப்பில் மிதிவண்டி என்று நூறாண்டுகளாகச் சேர்ந்து வந்த ஏற்பாடு இது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சத்துணவுத் தட்டை ஏந்தும் பிள்ளை யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது வரிப்பணம், அந்தப் பிள்ளையின் பாட்டி வாங்கிய தீப்பெட்டியிலும் அதற்கான வரி இருந்தது. நான் அந்தத் தட்டை ஏந்தி வளர்ந்தவன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், அலுமினியத் தட்டின் அடியில் ஆணியால் பெயர் கீறிக்கொண்டு, வரிசையில் நின்று வாங்கித் தின்றேன். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. அது எல்லாருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு முறை ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் மகன் திருமணத்தை முன்னிட்டு ‘ஏழைப் பிள்ளைகள்’ பத்துப் பேருக்குச் சட்டைத் துணி கொடுத்தார். அந்தப் பத்துப் பேரில் ஒருவனாக எழுந்து நின்றது இன்றும் உடம்பில் இருக்கிறது. உரிமையாக வந்த சோறு செரித்துவிட்டது. கொடையாக வந்த துணி செரிக்கவில்லை. இதெல்லாம் தெரிந்த நானே, நாற்பது வயதுக்கு மேல், மேடையில் நின்று ஒரு சிறுமியின் கையைப் பிடித்து இறக்கினேன் என்பதுதான் என் குற்றச்சாட்டின் முதல் வரி. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் நான். உங்களுக்கும் பக்கத்தில் இடமிருக்கிறது.

ஏனென்றால் நம்மிடையே இது பெருகிவருகிறது. பிறந்தநாளுக்கு நோட்டு, நினைவு நாளுக்குப் பென்சில் பெட்டி, நூல் வெளியீட்டுக்குச் சோறு. எல்லாவற்றுக்கும் ஒரு படம். அந்தப் படம் சமூக ஊடகத்தில் ஏறுகிறது. அதில் வழங்குபவரின் பெயர் இருக்கும், வாங்கும் பிள்ளையின் முகம் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை எதையாவது இலவசமாக வாங்கும் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் அப்படி வெளியிடச் சம்மதிப்போமா?

*

இனி வாசிப்பைப் பற்றி. ‘அசர்’ ஆய்வு, கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் கணக்கெடுப்பு. கொரோனாவில் பள்ளிகள் மூடித் திறந்தபின் வந்த 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் இருபதில் ஒருவர்கூட இல்லை. 2024இல் அது ஏறத்தாழ எட்டில் ஒருவர் என்று உயர்ந்தது. இரண்டாண்டுகளில் இது நல்ல ஏற்றம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கும் அதற்காக உழைத்த ஆசிரியர்களுக்கும் அதில் பங்கிருக்கும். ஆனாலும் மீதி ஏழு பேர் இருக்கிறார்கள். அவசரப்பட்டு யாரும் அரசுப் பள்ளியை நோக்கி விரல் நீட்ட வேண்டாம். இவை தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்குகள்.

வாசிக்கத் தெரியாத பிள்ளை எப்படி இருப்பான் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. மந்தமாக உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை வரியின்மேல் ஓட்டிக்கொண்டு, கணீரென்று ‘வாசிப்பான்’. கூர்ந்து கவனித்தால் விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அதற்கு நான்கு சொல் தள்ளி இருக்கும். வகுப்பில் அனைவரும் சேர்ந்து சொல்லக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது. அவனிடமே அதே சொற்களை இடம் மாற்றி எழுதிக் கொடுங்கள், நின்றுவிடுவான். ‘கெ’வின் கொம்பும் ‘கே’யின் கொம்பும் அவனுக்கு ஒன்று. ‘கொ’வில் எழுத்துக்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன; எதை முதலில் படிப்பது என்று யாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதில்லை. இதை நாற்பது பேர் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பிள்ளை, ஒரு பக்கம், ஒரு காது வேண்டும்.

அந்தக் காது பள்ளியில் ஏன் இல்லை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. நாற்பத்திரண்டு பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஆளுக்கு இருபத்தொரு பேர். ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைத் தினம் பத்து நிமிடம் கேட்பதென்றால் இருநூற்றுப் பத்து நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் மற்ற இருபது பேர் என்ன செய்வார்கள்? கணக்கையும் அறிவியலையும் யார் நடத்துவது? இதற்கிடையில் இணையதளப் பதிவு, பயிற்சிக் கூட்டம், தேர்தல் பணி. ஓர் ஆசிரியர் விடுப்பெடுத்தால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய பள்ளியின் நிலை இது.

சரி, வீட்டில்? அப்பா கல் குவாரியிலோ திருப்பூரிலோ. அம்மா வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. எங்கள் வீட்டில் என் மகள் ஒவ்வொரு கதையையும் என் மடியில் உட்கார்ந்து தவறாக வாசித்து, நான் திருத்த, மறுபடி வாசித்துப் பழகினாள். அதை நாங்கள் கல்வி என்று நினைத்ததே இல்லை. அந்த ஆயிரம் மணி நேரம்தான் அவளுக்கும் முகத்தை மறைத்த சிறுமிக்கும் இடையிலுள்ள வித்தியாசம். அறிவில் வித்தியாசமில்லை.

இதன் மறுமுனையில் நான் இருக்கிறேன். கல்லூரி முதலாண்டுத் தமிழ் வகுப்பில், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவனை எழுப்பிப் பாடத்தின் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். “கண்ணாடி கொண்டு வரல சார்” என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். மூன்றாவது முறை வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுக்குக் கண்ணில் குறையே இல்லை. அதன்பின் அவன் வகுப்புக்கு வரவில்லை. ‘இவனெல்லாம் எப்படிப் பன்னிரண்டாம் வகுப்பு தேறினான்’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். அவன் எப்படித் தேறினான் என்பது தெரியாவிட்டாலும், பன்னிரண்டாண்டுக் காலம் தினமும் எத்தனை சாமர்த்தியத்தோடு தன்னை மறைத்துக்கொண்டிருப்பான் என்பது இப்போது புரிகிறது. அத்தனை அறிவும் மறைப்பதிலேயே செலவாகியிருக்கிறது. 2022இல் புதுமைப்பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாயோடு வந்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தன. கதவுக்கு உள்ளே நின்று சிரிப்பதற்கு நாம் இருந்தோம்.

*

வாசிப்பைக் கேட்பது வாசிப்புக்கு மட்டும் உதவுவதில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்காருபவரிடம்தான் பிள்ளை வேறு விஷயங்களையும் சொல்லும். காலையில் சாப்பிடவில்லை என்பதை, அப்பா அடித்ததை, பின்பெஞ்சில் ஒருவன் சாதிப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதே ஆண்டில்தான், காலை உணவைச் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளை உண்ணவிடாத பெற்றோரைப் பற்றித் தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்தன. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது என்று பல பரிந்துரைகள். கயிற்றை அறுக்க ஆணை போதும். ஆனால் அரிவாள் எடுக்கும் நாள் வரை ஒரு பிள்ளைக்கு நேரும் அவமானங்களைக் கேட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர் பள்ளியில் இருப்பதற்கு எந்த ஆணையும் போதாது.

பெருமாள்முருகன் தம் மாணவர்களைச் சாதி பற்றி எழுதச் சொல்லித் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013இல் வந்தது. அது நம்மில் பலரிடம் இருக்கிறது. அதைப் படித்து அதிர்ந்தோம், விவாதித்தோம். அந்த நூல் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை மட்டும் யோசிக்க மறந்தோம். தன் அனுபவத்தைச் சொன்னால் கேட்பதற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்று அந்த மாணவர்கள் நம்பினார்கள். ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ என்ற வகுப்பறை நூலின் தலைப்பே ஒரு மாணவனின் கேள்விபோல ஒலிக்கிறது. நாம் அதைப் புத்தகத் தலைப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு அலமாரியில் ஓர் இடம் கொடுத்துவிட்டோம். ‘டோட்டோ-சான்’ படித்து நெகிழாத சிறுபத்திரிகை வாசகர் குறைவு. நெகிழ்ந்தபின் பிள்ளையைக் கழுத்துப்பட்டை கட்டும் பள்ளியில் சேர்க்காதவர் அதைவிடக் குறைவு. மறுபடியும் சொல்கிறேன், என் மகளும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

*

இதையெல்லாம் இலக்கிய வட்டத்தில் பேசியபோது எழுந்த மறுப்புகளுக்கு வருகிறேன்.

“இது அரசின் வேலை. நாம் செய்தால் அரசு கைகழுவிவிடும்” என்றார் ஒரு நண்பர். முதல் வாக்கியம் முழு உண்மை. ஆசிரியர் நியமனம், கட்டடம், கழிப்பறை எதையும் தன்னார்வத்தால் ஈடுகட்டக் கூடாது, கட்டவும் முடியாது. ஒன்றிய அரசு 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்திவைத்தபோது, அதற்கு விடை நோட்டுப் புத்தகமல்ல, அரசியல் போராட்டம்தான். ஆனால் போராடுவதற்கும் பள்ளியைத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தெருப் பள்ளியில் எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்துத் தந்திருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. பள்ளிக்கு என்ன தேவை என்று தீர்மானம் போடவும், அதைக் கேட்டு அரசின் கதவைத் தட்டவும் வழியுள்ள குழு அது. அந்தக் கூட்டங்களுக்குக் கூலியை விட்டுவிட்டு வரும் தாய்மார்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை மனுவாக எழுதிக் கொடுக்க ஒரு தமிழ்ப் பேராசிரியரால் முடியாதா? பின்நவீனத்துவம் பற்றி முப்பது பக்கம் எழுதுகிறோமே.

“ஆசிரியர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், வேலை செய்வதில்லை” என்றார் இன்னொருவர். சிலர் செய்வதில்லை. கல்லூரியிலும் சிலர் செய்வதில்லை. அவர்களோடு நான் தேநீர் குடிக்கிறேன். மேலே போட்ட இருநூற்றுப் பத்து நிமிடக் கணக்குக்கு இது பதிலல்ல.

“எட்டாம் வகுப்பு வரை எல்லாரையும் தேர்ச்சி போடுவதால் வந்த கேடு இது. நான்கு பேரை நிறுத்திவைத்தால் தானே படிப்பார்கள்.” இப்படி எண்ணுபவர்கள் பலர். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்திவைக்க விதி செய்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை, ஏற்காதது சரி. கேட்க ஆளில்லாமல் ஓராண்டு வாசிக்காமல் இருந்த பிள்ளை, கேட்க ஆளில்லாமலே இன்னோர் ஆண்டு அதே வகுப்பில் உட்கார்ந்தால் எப்படி வாசிப்பான்? முதலில் நின்றுபோவது யார் வீட்டுப் பெண் என்பதும் நமக்குத் தெரியும்.

கடைசி மறுப்புதான் என்னை மிகவும் சீண்டியது. “இலக்கியவாதியின் வேலை எழுதுவது. சமூக சேவைக்கு அரிமா சங்கம் இருக்கிறது.” சொன்னவர் நல்ல கவிஞர். தம் தொகுப்பு முந்நூறு படி விற்க நான்காண்டு ஆயிற்று என்று அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் வருந்தியவர்.

அவருக்கு என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்த, பல்லாயிரம் பெண்கள் எழுத்துக் கற்றார்கள், மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எங்கள் தெருவின் வகுப்பு மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. என் அம்மா அங்கேதான் தன் பெயரை எழுதினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெருவின் பத்தாம் வகுப்பு முடித்த பெண். அந்த இயக்கம் அரசு ஊழியர்களால் மட்டும் நடந்ததல்ல. அறிவியல் இயக்கத்தாரும் எழுத்தாளர்களும் ஊர் ஊராக அலைந்தார்கள். ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று நூலாகவே எழுதியிருக்கிறார். ச. மாடசாமியும் அறிவொளிக் களத்திலிருந்து வந்தவர்தான். அவர்கள் எழுத்து அதனால் குறைந்துபோயிற்றா? முப்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ் எழுத்தாளன் செய்ததை இன்று செய்யச் சொன்னால் அரிமா சங்கம் நினைவுக்கு வருகிறது. தமிழில் வாசகர்கள் இல்லை என்று மாதந்தோறும் கூடி அழுகிறோம். வாசகர்கள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. மூன்றாம் வகுப்பில், ‘கொ’வில் தடுமாறும் இடத்தில், அவர்கள் உருவாகிறார்கள் அல்லது உருவாகாமல் போகிறார்கள்.

*

அந்த ஆண்டிலிருந்து வியாழன்தோறும் மாலை அந்தப் பள்ளிக்குப் போகிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாரம் ஒரு மணி நேரம் பெருமைக்குரிய அளவல்ல. எங்கள் வட்டத்திலிருந்து இன்னும் நான்கு பேர் வெவ்வேறு நாளில் வருகிறார்கள். இரண்டு பேர் ஒரு மாதம் வந்து நின்றுவிட்டார்கள். கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

தலைமையாசிரியையின் அனுமதி பெற்று, மேலாண்மைக் குழுவுக்குத் தெரிவித்து, பள்ளித் திண்ணையில், பிறர் பார்க்க உட்காருகிறோம். எந்தப் பிள்ளையையும் தனியறைக்கு அழைப்பதில்லை. படம் எடுப்பதில்லை. மிட்டாய் கொடுப்பதில்லை. புத்தகம் வாங்கிக் குவிக்கவும் இல்லை. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துப் பள்ளிகளுக்கு வந்த சிறு நூல்களே போதுமானவை. பிள்ளை வாசிக்கிறான், நாங்கள் கேட்கிறோம். தவறினால் உடனே திருத்துவதில்லை, வரி முடியும்வரை பொறுக்கிறோம். இது எனக்குக் கடினமாக இருந்தது. இருபதாண்டாக நான் பேச, பிறர் கேட்டுப் பழகியவன்.

வெற்றிக் கதை எதுவும் என்னிடம் இல்லை. முதலாண்டில் என் பங்குக்கு வந்த ஆறு பேரில் நான்கு பேர் சிறு கதைகளைத் தாமாக வாசிக்கும் நிலைக்கு வந்தார்கள். ஒருவன் இன்னும் தடுமாறுகிறான். இன்னொருவன் பொங்கலுக்குப் பிறகு பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான், திரும்பவில்லை. அவன் பாதியில் விட்ட புத்தகத்தில் ஒரு புளியிலை அடையாளமாக இருக்கிறது.

முகத்தை மறைத்த சிறுமி அந்த நான்கு பேரில் ஒருத்தி. ஒரு வியாழக்கிழமை பள்ளி அலமாரியைக் குடைந்து எங்கள் ஆண்டு மலரை எடுத்து வந்தாள். அவள் படமிருந்த பக்கத்தைப் புரட்டி, அடியிலிருந்த வரியை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். “கல்விக் கொடை பெறும் மாணவி.” பிறகு நிமிர்ந்து, “கொடைன்னா என்ன சார்?” என்று கேட்டாள்.

கடையெழு வள்ளல்களைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறவன் நான். அன்று என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. “அது தப்பா போட்டுட்டோம்மா” என்றேன். “அப்ப அடிச்சிருங்க” என்று பென்சிலை நீட்டினாள். அடித்தேன்.

எங்கள் விழாவில் இப்போது கல்விக் கொடை இல்லை. ‘விளிம்புநிலை’ என்ற சொல்லைக் கட்டுரைத் தலைப்பில் வைப்பதற்கு முன், விளிம்பு எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்கிறேன். என் வீட்டிலிருந்து நானூறு மீட்டர். உங்கள் வீட்டிலிருந்தும் அதிக தூரம் இருக்காது. ஒரு முறை நடந்து பாருங்கள். வெறுங்கையோடு போங்கள். ஒரு மணி நேரம் இருக்கிறது, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நம்மைப் போன்றவர்கள் வந்து படம் எடுத்துப் போனதையே இதுவரை பார்த்தவர் அவர். இரண்டாம் வாரமும் போங்கள்.